பூகோளம் சார் விதையானார்

ஒரு பள்ளிக்கூடத்தின் லட்சணம் தெரிய வேண்டுமானால் வகுப்பறையைப் பார்த்துப் பயனில்லை, ஆசிரியர் அறையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. நான் சொல்லும் பள்ளியில் அந்த அறை நீளமானது. நடுவில் ஒரு மேஜை, இரு பக்கமும் மர நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியும் ஒவ்வொரு தினுசாக ஆடும். அவரவர் நாற்காலியின் ஆட்டம் அவரவர் முதுகுக்குப் பழகிப்போயிருந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட வழியே இல்லாத அறை என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட அறையில் ஒரு திங்கட்கிழமை காலை, சக்கரம் வைத்து, சுழன்று, சாய்ந்தால் கூடவே சாயும் கறுப்பு நாற்காலி ஒன்று வந்து இறங்கியது. அதன் மேல் கணக்கு சார் உட்கார்ந்திருந்தார்.

அங்கே ஆசிரியர்களுக்குப் பாடம்தான் பெயர். கணக்கு சாருக்குப் பக்கத்து நாற்காலி பூகோளம் சார். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், வாடா போடா சிநேகிதம். ஒருவர் சாப்பாட்டு டப்பாவில் மற்றவர் கேட்காமல் கைவைக்கலாம். அந்தத் திங்கட்கிழமை மதியம் பூகோளம் சார் தன் டப்பாவை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

நாற்காலி வந்த கதை இது. மாடியில் கடைசி அறையில் ஒரு ஸ்மார்ட் போர்டு மாட்டியிருந்தார்கள். மாட்டிய புதிதில் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். தொட்டால் ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று திரும்பி வந்துவிட்டார்கள். கணக்கு சார் மட்டும் மழை நாட்களில் அதன் மூலையில் குடையை மாட்டி உலர்த்துவார். பூகோளம் சாருக்கோ அதன் மேல் பித்துப் பிடித்ததுபோல் ஆகிவிட்டது. ஒரு கோடை விடுமுறை முழுவதும் அதன் முன்னால் தவம் கிடந்து, வரைபடங்களை நடமாட வைத்தார். விரலால் தொட்டால் மலையில் ஆறு பிறக்கும், சமவெளியில் அகலும், வளைந்து வளைந்து கடலில் போய் விழும். காற்று வீசும், மேகம் கூடும். ஒன்பதாம் வகுப்பில் பூகோளப் பீரியட் என்றால் ஜுரம் அடித்தாலும் பிள்ளைகள் லீவு போட மாட்டார்கள். அவருக்குச் சொத்து சுகம் என்றிருந்தது அந்த ஆறு ஒன்றுதான்.

இந்த நிலையில் மேலிடத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் வழிகாட்டி ஆவார், மற்றவர்களுக்குத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுப்பார். அவருக்குக் கழுத்தில் தொங்க ஓர் அட்டை, பாடவேளையில் குறைப்பு, ஸ்மார்ட் அறையின் சாவி, மேற்படி நாற்காலி. தேர்வு செய்ய அவசரக் கூட்டம் போட்டார்கள். அந்த நேரத்தில் பூகோளம் சார் மாடியில் ஸ்மார்ட் போர்டில் ஆறு ஓட்டிக்கொண்டிருந்தார். ஆகவே கூட்டத்துக்கு வர முடியவில்லை. ஸ்மார்ட் போர்டைத் தொடாததால் ஓய்வாக இருந்த கணக்கு சார் வந்திருந்தார். ஆகவே வழிகாட்டி ஆனார்.

பூகோளம் சார் தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

"மேடம், அந்த போர்டை நான்தானே இத்தனை நாளா ஓட்டிட்டிருக்கேன்?"

"ஆமா சார், தெரியும். உங்க மேல பள்ளிக்கூடத்துக்கே மரியாதை இருக்கு."

"அப்ப வழிகாட்டி?"

"அது கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு சார். நீங்க போர்டு போர்டுன்னு மேலயே இருந்தா நாங்க என்ன பண்றது?" என்றார் தலைமையாசிரியை, உண்மையான வருத்தத்துடன்.

பூகோளம் சாரின் மனைவி பல் மருத்துவமனையில் நர்ஸ். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்ப்பவர். வீட்டுக்கு வந்து கணவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருப்பதைப் பார்த்ததும் வலி எங்கே என்று கண்டுபிடித்துவிட்டார்.

"யாருக்கு என்ன கிடைச்சிருக்கு?"

"கணக்குக்கு நாற்காலி."

"சரி, உங்களுக்கு நாற்காலி வேணுமா, வழிகாட்டி வேலை வேணுமா?"

பூகோளம் சார் நேர்மையானவர். கொஞ்சம் யோசித்தார். "அவன் அதுல உக்காராம இருக்கணும்" என்றார்.

திட்டத்தின் தொடக்க விழாவுக்குத் திறன் மேம்பாட்டு அதிகாரி வந்தார். கையேட்டைக் கைக்குழந்தைபோல் அணைத்தபடியே நடப்பதால் ஊழியர்கள் அவருக்குக் 'கையேடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் பேச்சை அப்படியே தருகிறேன். மெருகேற்ற எனக்குத் திறமை போதாது.

"சில பேர் கேக்கறாங்க, தெரிஞ்சவங்களை வழிகாட்டியா போடலாமேன்னு. கூடவே கூடாது! தெரிஞ்சவர் என்ன பண்ணுவார்? தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிக் குடுத்துடுவார். அப்புறம் கையேடு எதுக்கு? தெரியாதவர்னா கையேட்டைத் தாண்டிப் போக மாட்டார். போகவும் முடியாது. இந்தக் கையேட்டை எழுத எங்க ஆபீஸ்ல எத்தனை பேர் உழைச்சிருக்கோம் தெரியுமா? அதுல ஒருத்தர்கூட ஒரு வகுப்புக்கும் போனதில்லை. அவ்வளவு கவனம் சிதறாத உழைப்பு!"

கைதட்டல் எழுந்தது. கணக்கு சார் நாற்காலியில் அரை வட்டம் சுழன்று எல்லாப் பக்கமும் கும்பிட்டார். பூகோளம் சாரும் தட்டினார், விரல்கள் மட்டும் படும்படி.

அதன் பிறகு அளவீடு நடந்தது. வழிகாட்டியிடம் கற்கப்போகும் ஆசிரியர்கள் எல்லோரும் விதை, முளை, செடி, மரம் என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் வைக்கப்படுவார்கள். விதையாகத் தொடங்கி மரமாக முடிப்பதுதான் வளர்ச்சி. பூகோளம் சார் வரிந்துகட்டிக்கொண்டு எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னார். கேட்காத இரண்டுக்கும் சொன்னார். இந்த மதிப்பெண்ணைப் பார்த்தாவது நாற்காலி இடம் மாறும் என்று ஒரு நப்பாசை.

கையேடு அவரைத் தனியாக அழைத்தார். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை.

"சார், உங்களை எங்க வைக்கிறதுன்னே தெரியல. நீங்க ஏற்கெனவே மரம். மரத்துக்கு மேல எங்ககிட்ட கட்டம் இல்ல. வளர்ச்சி காட்ட முடியாதவரைத் திட்டத்துல சேர்க்க முடியாது."

"சேர்க்க வேணாம் சார். நான் பாட்டுக்கு என் பாடத்தை நடத்திக்கிறேன்."

"திட்டத்துல இல்லாதவர் ஸ்மார்ட் அறைக்குள்ள எப்படிப் போவார்?" என்று கையேடு கேட்டார். சாவி கணக்கு சாரின் கழுத்தில் அட்டையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

கூட நின்ற உயிரியல் டீச்சர் பொறுக்க முடியாமல், "மரமா முளைச்சவரை மறுபடியும் விதைக்குள்ள அனுப்ப முடியாதே சார், இயற்கையிலேயே அப்படி இல்லையே" என்றார்.

"இயற்கையில இல்ல மேடம். கையேட்டுல இருக்கு. மறு அளவீடு எழுதலாம்."

பூகோளம் சார் மறு அளவீடு எழுதினார். போர்டை இயக்க முதலில் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று எழுதினார். தன் பிள்ளையை யாரென்று தெரியாது என்று சொல்வதுபோல் இருந்தது அவருக்கு. விதை நிலை வழங்கப்பட்டது. பழுப்பு நிற அட்டையைக் கணக்கு சார் தன் கையால் அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் ஒரு பெரிய மனிதத்தனம் இருந்தது. பூகோளம் சார் அன்று இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தும் எரிச்சல் அடங்கவில்லை.

விதைகளுக்கான விதிகள் கடுமையானவை. போர்டின் முன் கைகட்டி நின்று, "எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்வேன்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். தனியாகத் தொடக்கூடாது. வழிகாட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால்தான் விரல் திரையில் படலாம். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்தின் சிறந்த விதைக்கு அறிவிப்புப் பலகையில் படம் ஒட்டப்படும்.

முதல் பயிற்சி நாளன்று கணக்கு சார் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டேய், இதை எப்படிடா ஆன் பண்றது?"

பூகோளம் சார் கையைக் கட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்வேன்."

"விளையாடாதடா. வெளிய எல்லாரும் நிக்கிறாங்க."

"நான் விதைடா. எனக்கு எப்படித் தெரியும்? நீதான் வழிகாட்டி."

"உனக்கு வயித்தெரிச்சல்."

"விதைக்கு ஏதுடா வயிறு?"

கணக்கு சார் கையேட்டைப் புரட்டினார். முதல் அத்தியாயம் திரையை மதித்தல், இரண்டாவது திரையின் முன் நிற்கும் முறை. ஆன் செய்வது பற்றி எங்கும் இல்லை. அதை எழுதியவர்கள் ஆன் ஆகியிருக்கும் போர்டைப் படத்தில் பார்த்தவர்கள். ஆகவே அன்றைய வகுப்பில், அணைந்திருந்த திரையின் முன்னால், கணக்கு சார் ஆசிரியர்களின் மணிக்கட்டைப் பிடித்து வலமும் இடமுமாக அசைத்தார். எல்லோரும் பயனுள்ளதாக இருந்தது என்று கருத்து எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு அந்த வாரம் பூகோளம் சுவரில் தொங்கும் பழைய துணி வரைபடத்தில் நடந்தது. ஆறு ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை உயிரியல் டீச்சரின் படம் பலகையில் ஏறியது. அவர் போர்டைத் தொட்டதும் பயந்து கத்தினாராம். அந்தக் கத்தலில் கற்கும் ஆர்வம் தெரிந்ததாம்.

இதைப் பார்த்ததும் பூகோளம் சாருக்குப் புதுக் கவலை பிடித்தது. வழிகாட்டிதான் ஆக முடியவில்லை, விதையிலாவது முதல் விதையாக இருக்கக் கூடாதா? மறு வாரம் அவர் போர்டைத் தொட்டதும் கத்தியதோடு நில்லாமல் பின்னால் சாய்ந்து விழுந்தார். அடுத்த வாரம் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்துக் காதில் வைத்து ஹலோ என்றார். படம் ஏறியது. வரலாற்று ஆசிரியர் போட்டிக்கு வந்து, ஜன்னல் கண்ணாடியைப் போர்டு என்று நினைத்து அரை மணி நேரம் தேய்த்துக் காட்டினார். அவர் படமும் ஏறியது. பூகோளம் சார் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"வரலாறு வேணும்னே பண்றாரு. அவருக்குப் போர்டு எதுன்னு நல்லாத் தெரியும்" என்று மனைவியிடம் பொருமினார்.

"உங்களுக்கு?"

"என்னுது வேற."

பருவத்தின் கடைசியில் கையேடு நேரில் வந்து வளர்ச்சியை அளப்பார் என்று சுற்றறிக்கை வந்தது. அதில் இருந்த செய்தி பூகோளம் சாரைத் தூக்கிவாரிப் போட்டது. விதையிலிருந்து ஒரே தாவலில் மரமாகிறவர், அந்தப் பள்ளியின் புதிய வழிகாட்டி. அட்டை, சாவி, நாற்காலி எல்லாம் அவருக்கே. ஒன்பதாம் வகுப்பின் முன்னால் தனியாக போர்டை இயக்கி ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பூகோளம் சாருக்கு அது தூக்கத்தில் செய்கிற வேலை. ஆறும் திரும்பக் கிடைக்கும், நாற்காலியும் கிடைக்கும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சீட்டியடித்தார்.

மறுநாள்தான் சுற்றறிக்கையின் பின்பக்கத்தைப் படித்தார். அப்படி ஒரு விதையை மரமாக்கிய வழிகாட்டி, தலைமை வழிகாட்டியாக மேலிட அலுவலகத்துக்கு உயர்த்தப்படுவார். தனி அறை உண்டு. நாற்காலிக்குக் கைப்பிடியில் மெத்தை உண்டு.

கணக்கு சார் அன்று அவர் தோளில் கைபோட்டார். "டேய், எல்லாம் உன் கையிலதான் இருக்கு. நீ நல்லாப் பண்ணிடு. நான் ஆபீஸ் போனதும் உன்னை மறக்கவா போறேன்? அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்னு விசாரிச்சிட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

இரவு மனைவியிடம் நிலைமை விளக்கப்பட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க ஜெயிச்சா உங்களுக்கு வேணும்கறது எல்லாம் கிடைக்கும். அப்படித்தானே?"

"ஆமா. ஆனா அவனுக்கு அதைவிடப் பெருசாக் கிடைக்கும்."

"தன் மூக்கு போனாலும் எதிராளிக்குச் சகுனத் தடை ஆகணும்னு சொல்வாங்களே, அந்த ஜாதி நீங்க" என்று விளக்கை அணைத்தார் அந்த அம்மாள்.

அளவீட்டு நாள் வந்தது. ஒன்பதாம் வகுப்பு ஸ்மார்ட் அறையில் நிறைந்து உட்கார்ந்திருந்தது. ஒரு பருவம் முழுக்க ஆற்றைக் காணாத பிள்ளைகள். முதல் பெஞ்சில், எப்போதும் சந்தேகம் கேட்கிற நெட்டைப் பெண் முன்னால் சரிந்து, கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தாள். பின்வரிசையில் தலைமையாசிரியை, கையேடு, மற்ற ஆசிரியர்கள். கணக்கு சார் நாற்காலியோடு வந்திருந்தார்.

பூகோளம் சார் போர்டின் முன் நின்றார். நன்றாகச் செய்துவிடுவது என்று படிக்கட்டு ஏறும்போதே முடிவு செய்திருந்தார். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் அந்த முடிவு இன்னும் கெட்டிப்பட்டது. விரலை நீட்டினார். நீட்டியவர் சும்மா இருக்காமல் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். கணக்கு சார் உதடு அசைய எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். நன்றியுரை.

பூகோளம் சார் விரலை எடுத்து, போர்டுக்குப் பக்கத்தில் இருந்த மின்விசிறி சுவிட்சை அழுத்தினார். விசிறி சுற்றியது. அவர் அண்ணாந்து அதை வியப்போடு பார்த்தார்.

வகுப்பில் சலசலப்பு. "சார், அது இல்ல சார்" என்றாள் நெட்டைப் பெண் மெதுவாக.

அவர் போர்டின் சட்டத்தைத் தட்டினார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"சார், கீழ வலது பக்கம் சார்! நீங்க எப்பவும் அழுத்துவீங்களே!" என்று பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். "ரெண்டு தடவை தொடணும் சார்! அப்புறம் மலை வரும் சார்!" சிலர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள்.

கையேடு எழுந்துவிட்டார். "பசங்களா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சார்தான் சொல்லிக் குடுத்தாரு" என்றாள் அந்தப் பெண்.

"எந்த சார்?"

அவள் பூகோளம் சாரைக் காட்டினாள். அவர் அப்போது ரிமோட்டைக் காதில் வைத்திருந்தார்.

கையேடு வாஞ்சையோடு சிரித்தார். "என்ன பெருந்தன்மை பாருங்க, தன் வாத்தியாரை விட்டுக்குடுக்காம பேசுது குழந்தை! உண்மையைச் சொல்லுங்க, இந்தப் பள்ளியில வழிகாட்டி யாரு?"

எல்லாத் தலைகளும் சுழல் நாற்காலிப் பக்கம் திரும்பின. கணக்கு சார் ஒரு கணம் பூகோளம் சாரைப் பார்த்தார். அவருக்கும் மனசாட்சி உண்டு, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கணம் பார்த்தார் என்றேனே.

"எல்லாம் கூட்டு முயற்சிதான் சார்" என்றார் அடக்கமாக.

கையேடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுவரைக்கும் வழிகாட்டல் ஆசிரியர் வரைக்கும்தான் போகும்னு நினைச்சிருந்தோம். இங்க என்ன நடந்திருக்கு? ஒண்ணும் ஏறாத ஒரு ஆசிரியரைத் தாண்டி நேரா பிள்ளைங்களுக்கே போயிருக்கு! ஒரு மரம் வளர்க்கச் சொன்னோம். இவர் ஒரு தோப்பையே வளர்த்துட்டார்!"

கணக்கு சார் தலைமை வழிகாட்டியானார். நன்றியுரையில், "என் நண்பன் மட்டும் இவ்வளவு தெரியாதவனா இல்லாம இருந்திருந்தா, நான் இன்னைக்கு இங்க நின்னிருக்க முடியாது" என்று தழுதழுத்தார். அது உண்மைதான். கறுப்பு நாற்காலியையும் கூடவே எடுத்துப் போய்விட்டார். கைப்பிடி மெத்தையுள்ளது வந்து சேரும்வரை இருக்கட்டும் என்று. பக்கத்து இடம் காலியானது. பூகோளம் சார் சில நாட்கள் சாப்பாட்டு டப்பாவை மேஜையின் நடுவில் வைத்துப் பார்த்தார். கைவைக்க யாருமில்லை.

அவருக்கு நிரந்தர விதை என்ற நிலை வழங்கப்பட்டது. இனி அவர் மேல் ஆசிரியர்களின் உழைப்பை வீணாக்க வேண்டாம் என்று கையேடு கருணையோடு உத்தரவிட்டார். போர்டு தெரிந்த மாணவர் ஒருவரே அவருக்கு வழிகாட்டியாக இருப்பார். நெட்டைப் பெண்ணின் கழுத்தில் அட்டையும் சாவியும் ஏறின.

முதல் நாள் அவள் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றாள். முகத்தில் அப்படி ஓர் இரக்கம். "சார், கையைப் பிடிக்கணும்னு விதி சார். கோச்சுக்காதீங்க" என்றாள்.

"பரவாயில்லம்மா."

அவள் மணிக்கட்டைப் பிடித்து அவர் விரலைத் திரையில் வைத்தாள். மலை வந்தது. ஒரு பருவத்துக்குப் பிறகு ஆறு வந்தது. வகுப்பு ஓவென்று கூவியது. இனி பாடத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம் என்று பூகோளம் சார் ஓர் அடி முன்னால் வைத்தார்.

அதற்குள் அவள் அவர் கையை விட்டுவிட்டு, ஆற்றைக் கடலிலிருந்து பின்னோக்கி ஓட்டினாள். கழிமுகத்தில் ஆரம்பித்து மேலே மேலே போனாள். ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் நிறுத்தி, "இந்தத் தண்ணி எங்கேருந்து வந்திருக்கும்?" என்று வகுப்பைக் கேட்டாள். ஆள் ஆளுக்கு ஒரு பக்கம் கைகாட்டினார்கள். சண்டை போட்டார்கள். கடைசி பெஞ்சில் எப்போதும் தூங்குகிற மூவர் எழுந்து முன்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஆறு மெலிந்து மெலிந்து, மலையுச்சியில் ஒரு பாறையிடுக்கில் போய் நின்றபோது அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் வகுப்பு ஒருநாளும் இப்படி அடங்கியதில்லை.

அவள் திரும்பினாள். "புரிஞ்சுதா சார்?"

பூகோளம் சாருக்கு வயிறு திகுதிகுவென்று எரிந்தது. கணக்கு சார் நாற்காலியில் சுழன்றபோதுகூட இப்படி எரிந்ததில்லை.

"புரியலம்மா. இன்னொரு தடவை பண்ணிக் காட்டு" என்றார். விதையான பிறகு தெரியாது, புரியாது என்று அவர் நடிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். சொல்லிவிட்டு, முதல் பெஞ்சில் அவள் இடத்தில் போய் உட்கார்ந்து, முன்னால் சரிந்து பார்க்க ஆரம்பித்தார்.